பழைய கார் பேரம்: கடைக்காரர் பக்கத்துக் கணக்கு

"கடைசி விலை என்ன?" பழைய கார் விற்கும் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். கேட்பவருக்கு இது கறாரான கேள்வியாகத் தோன்றும். கேட்கப்படுபவருக்கோ இதைவிட வசதியான கேள்வி வேறில்லை. வண்டியின் குறை எதுவும் பேசப்படவில்லை. வேறு கடையின் விலை எதுவும் எடுத்துச் சொல்லப்படவில்லை. வந்தவருக்கு வண்டி பிடித்துவிட்டது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையில் பத்தாயிரத்தைக் குறைத்து, "உங்களுக்காக" என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு நடக்கும் பேச்செல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அங்கே விலை மறைக்கப்படுவது சுற்றி நிற்பவர்களுக்குத்தான். பேசும் இருவருக்கும் எல்லாம் தெரியும். பழைய கார் கடையில் அந்தத் துண்டு பேசுகிற இருவருக்கும் நடுவிலேயே தொங்குகிறது. வண்டியை என்ன விலைக்கு எடுத்தோம், எத்தனை நாளாக நிற்கிறது, பழுது பார்க்க எவ்வளவு செலவானது என்ற மூன்றும் கடைக்காரருக்குத் தெரியும். வாங்க வந்தவருக்கு மூன்றுமே தெரியாது. பேச்சுத் திறமையால் இந்த இடைவெளியைக் கடக்கலாம் என்று நம்புகிறவர்கள் பலர். ஐந்தாறு கடை ஏறி இறங்கிய யாரும் அப்படி நம்ப மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் பேரம் பேசுகிறவரை, ஆறு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பேரம் பேசுகிறவர் வார்த்தையால் வெல்ல முடியாது. கணக்கால் நெருங்கலாம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு ஆண்டு ஓடிய ஒரு சிறிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். கன்சல்டிங் கடைக்காரர், அதாவது பழைய கார் வியாபாரி, அதை உரிமையாளரிடமிருந்து 3,60,000 ரூபாய்க்கு எடுக்கிறார். வண்டியைக் காட்டிக்கொடுத்த தரகருக்கு 5,000. பம்பருக்கு டிங்கரிங், பெயின்ட், உள்ளே சுத்தம், சீட் கவர், மேலே பாலிஷ் என்று 12,000. அவர் போட்ட பணம் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணமாக இருக்காது; ஒன்றரை வட்டி என்றால் மாதம் 5,400. வண்டி இரண்டு மாதம் நின்றால் 10,800. கண்ணாடியில் ஒட்டுகிற விலை 4,45,000.

இப்போது வரி. பழைய காரை ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி விற்றால், முழு விலைக்கு வரி கிடையாது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், அதுவரை 12 சதவீதமாக இருந்த சிறிய பழைய கார்களையும் மின்சார கார்களையும் 18 சதவீதத்துக்கு ஏற்றியது. தனி நபர் இன்னொரு தனி நபருக்கு விற்றால் இந்த வரியே இல்லை. ஆகவே 4,20,000-க்கு வண்டி போனால், வித்தியாசம் 60,000. வரி தோராயமாக 10,800. தரகு, பழுது, வட்டி எல்லாம் கழித்தால் கடைக்காரர் கையில் நிற்பது இருபத்தோராயிரத்துச் சொச்சம். கடை வாடகையும் பையனின் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். அதே வண்டி 3,95,000-க்குப் போனால் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. அவருடைய தரை அதுதான்.

4,45,000 கேட்டவரிடம் பேசிப் பேசி 4,30,000-க்கு முடித்தவர் பதினைந்தாயிரம் குறைத்துவிட்ட பெருமையுடன் வீடு திரும்புவார். இடையில் இன்னும் முப்பத்தைந்தாயிரம் கிடந்தது அவருக்குத் தெரியாது. அதற்காக நேராக 3,70,000 என்று ஆரம்பிப்பதும் வீண். தரைக்குக் கீழே கேட்கிறவரிடம் கடைக்காரர் வாதாடுவதில்லை. "வேறு வண்டி பாருங்கள் அண்ணா" என்று மரியாதையாக நகர்ந்துவிடுவார்.

இந்தக் கணக்கில் வாங்குபவரால் வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று உண்டு: வண்டி நிற்கும் நாள். இணையத்தில் விளம்பரம் போட்ட தேதி, போன மாதம் பார்த்த அதே வண்டி இன்னும் அங்கேயே இருப்பது, ஸ்டார்ட் செய்ய ஜம்பர் ஒயர் தேவைப்படும் பேட்டரி, ஒரே இடத்தில் நின்று அடிப்பக்கம் தட்டையான டயர். எடுத்து ஒரு வாரம் ஆன வண்டியில் கடைக்காரர் விட்டுக்கொடுப்பதற்கும் மூன்று மாதம் நின்ற வண்டியில் விட்டுக்கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். வட்டி தின்றுகொண்டிருக்கிற வண்டியை அவரும் தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஆடி மாதத்தில் புது வண்டி வாங்கப் பலர் தயங்குவார்கள். பழைய வண்டிக் கடையிலும் அந்தத் தயக்கத்தின் நிழல் விழும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் போய்ப் பேரம் பேசுவதைவிட ஆடியில் போவது நல்லது. நல்ல நாள் பார்ப்பவர்கள் ஆடியில் விலையை முடித்து முன்பணம் கொடுத்துவிட்டு, ஆவணியில் வண்டியை எடுத்துக்கொள்ளலாமே!

தரை கடைக்காரருடையது என்றால் கூரை புதிய காருடையது. அதே மாடல் புதிதாக என்ன விலை என்பதுதான் பழையதன் விலைக்கு மேல் எல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸும் என்ற நிலையிலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. வரையான எஞ்சின்களுக்கு இது பொருந்தும். மாருதி ஆல்டோ கே10 விலை ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்தது; எஸ்-பிரெஸ்ஸோ இன்னும் கூடுதலாக. இரண்டு மூன்று ஆண்டே ஓடிய அந்த வகைக் காருக்கு முதல் உரிமையாளர் கொடுத்த விலையைக் காட்டி, "ஆறு லட்சம் போட்டு எடுத்த வண்டி சார்" என்று யாராவது சொன்னால், அது பழைய வரிக் காலத்துக் கணக்கு. இன்று ஷோரூமில் என்ன விலை, சாலை வரியும் காப்பீடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதுதான் முறை. அந்தத் தாளைக் கடைக்காரர் பார்க்கும்படி மேசை மேல் வைத்தால் இன்னும் நல்லது.

காப்பீட்டுப் பத்திரத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும்; காருக்குக் காப்பீட்டு நிறுவனம் போடும் மதிப்பு அது. வாங்குபவர்கள் சிலர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது முதல் ஐந்து ஆண்டுக்கு ஓர் அட்டவணைப்படி குறைகிற எண்: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம் கழியும், நான்கு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசிக்கொள்வதுதான் தொகை. எல்லா மாடலுக்கும் ஒரே அட்டவணை என்பதால், சந்தையில் கிராக்கி உள்ள காருக்கு அது குறைவாகவும் யாரும் சீண்டாத காருக்கு அதிகமாகவும் காட்டும். பேச்சைத் தொடங்க உதவும், முடிக்க உதவாது.

ஆனால் அதே காப்பீட்டுப் பத்திரத்தில் யாரும் பார்க்காத இன்னொரு வரி இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏறும். இழப்பீடு ஒன்று கேட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஏழு ஆண்டு ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டி, "ஒரு கீறல்கூட விழவில்லை" என்கிறார்கள், பத்திரத்திலோ 20 சதவீதம் என்றிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு ஆண்டுக்கு முன் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. காப்பீடு தொண்ணூறு நாளுக்கு மேல் புதுப்பிக்கப்படாமல் இருந்தாலும் இந்தத் தள்ளுபடி போய்விடும் என்பதால் இது ஒன்றே சாட்சியாகாது. போனஸைக் காக்கத் தனிப் பிரீமியம் கட்டுபவர்களும் உண்டு. என்றாலும் பேரத்தின் நடுவில் நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். இந்தத் தள்ளுபடி காரோடு வராது, பழைய உரிமையாளரோடு போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெயர் மாறியதும் அந்த வித்தியாசத்தைப் புதியவர் கட்ட நேரிடும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மீட்டரில் 28,000 கிலோமீட்டர் காட்டுகிற 2018 வண்டியில் நான்கு டயரும் 2022-ல் செய்தவையாக இருந்தால், இருபத்தெட்டாயிரத்துக்குள் ஏன் டயர் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். மீட்டரைத் திருப்புவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது என்பதுதான் உண்மை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, கடைசியாக சர்வீஸ் செய்தபோது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேட்பதே இதற்கு மருந்து.

மீட்டர் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் 2.2 கோடிக்கும் மேற்பட்ட பழைய கார் ஏல விற்பனைகளை ஆராய்ந்து 2012-ல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மீட்டர் ஒவ்வொரு பத்தாயிரம் மைல் எல்லையைத் தாண்டும்போதும் காரின் விலை திடீரென்று ஒரு படி இறங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். 79,900-க்கும் 80,100-க்கும் எஞ்சினுக்கு எந்த வித்தியாசமும் கிடையாது. முதல் இலக்கம் மாறியதில் மனிதக் கண்தான் ஏமாறுகிறது. நம் ஊர்க் கடைகளிலும் 49,000-ல் நிற்கிற மீட்டர்கள் அதிகம் தென்படுவது எல்லாமே தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு: 51,000 ஓடிய வண்டியைத் தேடுங்கள்.

வண்டி எங்கிருந்து வந்தது என்பது விலையை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஆனால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஷோரூமில் புது வண்டி எடுத்தவர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன வண்டி ஒரு வகை. தவணை கட்டாததால் நிதி நிறுவனம் இழுத்துவந்து ஏலத்தில் விட்ட சீஸிங் வண்டி இன்னொரு வகை. சீஸிங் வண்டியைக் கடைக்காரர் மலிவாக எடுத்திருப்பார், ஆகவே அவருடைய தரை வெகு கீழே இருக்கும். தவணையே கட்ட முடியாதவர் ஆயில் மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா என்பது தனிக் கேள்வி. கண்ணாடியில் மட்டும் இரண்டு வகைக்கும் ஒரே விலைதான் ஒட்டியிருக்கும். டாக்சியாக ஓடி, மஞ்சள் போர்டு மாற்றி வெள்ளைப் போர்டு ஆன கார்களும் வரும். ஆர்.சி. வரலாற்றில் அது தெரிந்துவிடும்.

பிறகு டெல்லி வண்டிகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளைத் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்று உறுதி செய்தது. அதன் விளைவாக அங்கே மதிப்பிழந்த பெரிய டீசல் வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. "இன்னோவா இந்த விலைக்கா!" என்று வாய் பிளக்க வைக்கும் வண்டியின் எண் டி.எல். என்று தொடங்கினால், விலை அதோடு முடியவில்லை என்று பொருள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைத் தமிழ்நாட்டில் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அந்த வரியை ஏற்றியிருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் சகஜமாகக் காணும் புதுச்சேரியின் பி.ஒய். எண் வண்டிகளுக்கும் இதே கதைதான். "அதெல்லாம் யாரும் பிடிக்க மாட்டார்கள் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அப்படியானால் அந்தத் தொகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த வண்டி என்றால் பேரமே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாக எடுத்துக்கொள்ளும். அப்படிக் கழிக்கப்பட்ட வண்டி ஏலத்துக்குப் போகும். அதை எடுத்துச் சரிசெய்து மீண்டும் சாலையில் விடுகிறவர்களும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புக் கம்பிகளில் துரு இருக்கும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் ஒரு தகவல்தான். எந்த விலைக்கு வாங்கினாலும் ஒயரிங் ஒவ்வொன்றாகப் பழிவாங்கும்.

இனி பேச்சு. 1995-ல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில், ஒரே மாதிரி உடுத்தி, ஒரே வசனத்தைப் பேசி, புதிய காருக்குப் பேரம் பேசும்படி வெவ்வேறு ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பின ஆண்களுக்கும் பெண்களுக்கும் கடைக்காரர்கள் அதிக விலை சொன்னார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வது உலகெங்கும் உள்ள தொழில். நம் ஊரில் அளவுகோல் மட்டும் வேறு. எந்த வண்டியில் வந்து இறங்கினீர்கள், கூட யார் வந்தார்கள், வேலை எங்கே என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்வார்கள். குழந்தை ஓடிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்துவிட்டால் பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும். முதல் நாள் தனியாகப் போவது நல்லது.

கடைக்காரரின் வசனங்களும் ஓரளவு நிலையானவை. எல்லா வண்டியும் ஒரு டாக்டர் ஓட்டியது, இல்லாவிட்டால் பேங்க் மேனேஜர் ஓட்டியது. தமிழ்நாட்டில் இத்தனை மெதுவாக ஓட்டும் டாக்டர்கள் இருப்பது பெருமைதான். மாலை ஆறு மணிக்கு எப்போதும் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு வருவதாக இருக்கும். "முதலாளியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போகிறவர், பெரும்பாலும் தரை விலை தெரிந்தே போகிறார். திரும்பி வரும்வரை நம்மை உட்கார வைப்பதுதான் அந்த நடையின் வேலை. இதில் எதற்கும் கோபப்படத் தேவையில்லை. குறைகளைச் செலவாக மாற்றிச் சொல்வதே இதற்கெல்லாம் பதில். "டயர் தேய்ந்திருக்கிறது" என்பது புகார். "நான்கு டயரும் மாற்ற வேண்டும், அதற்கு இவ்வளவு, கிளட்ச் கடினமாக இருக்கிறது, அதற்கு இவ்வளவு, ஆக மொத்தம் இது" என்பது கணக்கு. புகாருக்குச் சமாதானம் சொல்வார்கள், கணக்குக்கு விலையைத்தான் குறைக்க வேண்டும்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்துக் கடைகளோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று தெரிந்துகொண்டு கூட்டிப் போகவும். வண்டி முடிந்தால் மெக்கானிக்குக்கும் ஒரு தொகை போவது பல ஊர்களில் எழுதப்படாத வழக்கம்.

பேரம் பேச இடமில்லாத கடைகளும் இப்போது இருக்கின்றன. மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-லேயே வந்தது. 2015-ல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் இந்த வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுபோயின. இப்படிப்பட்ட இடங்களில் விலைச்சீட்டு அவ்வளவாக அசையாது. உத்தரவாத மாதங்கள், பெயர் மாற்றச் செலவு, இலவச சர்வீஸ், நம் பழைய வண்டிக்குக் கொடுக்கிற விலை ஆகியவை அசையும். முக்கியமாகக் கடைசியில் சொன்னது. வாங்குகிற வண்டியில் இருபதாயிரம் தள்ளுபடி கொடுத்துவிட்டு, கொடுக்கிற வண்டியில் முப்பதாயிரத்தைக் குறைத்துக்கொள்வது மிக எளிது. இரண்டையும் ஒன்றாகப் பேசாமல், ஒன்றின் விலையை எழுத்தில் வாங்கிய பிறகே மற்றதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும்.

விலை முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில்தான் பெரிய தொகை கைமாறுகிறது. கடனுக்கும் கடையே ஏற்பாடு செய்யும். அதில் அதற்குக் கமிஷன் உண்டு. மூன்று லட்சம் கடன், மூன்று ஆண்டு, "பத்து சதவீதம்தான்" என்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேட்டாக வேண்டும். ஃபிளாட் என்றால் மூன்று ஆண்டுக்கும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி: 90,000. மாதத் தவணை 10,833. குறையும் அசலுக்குப் பத்து சதவீதம் என்றால் தவணை சுமார் 9,680, மொத்த வட்டி 48,500 அளவில் நிற்கும். அந்த ஃபிளாட் பத்து, உண்மையில் ஏறத்தாழ 18 சதவீத வட்டி. அரை நாள் உட்கார்ந்து பதினைந்தாயிரம் குறைத்தவர், ஒரு கையெழுத்தில் நாற்பத்தோராயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். அந்தத் தாளை வாங்கிப் பார்க்காமல் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்பது, கடைக்காரர் விரும்புகிற கேள்விகளில் இரண்டாவது.

அடுத்து காகிதங்கள். ஓர் உரிமையாளர் கூடினால் வண்டியின் விலை குறையும் என்பதால், கன்சல்டிங் கடைகள் வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. விற்றவரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கி மேசைக்குள் வைத்திருப்பார்கள். வாங்குபவர் கிடைத்ததும் பெயரை நிரப்புவார்கள். காகிதப்படி கடை அங்கே இல்லவே இல்லை. நாளைக்கு எஞ்சின் நின்றால் நுகர்வோர் ஆணையத்தில் யாரைக் காட்டுவீர்கள்? கடையின் பெயர் போட்ட, வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், மீட்டர் அளவு, வாய்மொழியாகச் சொன்ன உறுதிகள் எல்லாம் எழுதிய ரசீது பேரத்தின் ஒரு பகுதி. அதைத் தர மறுத்தால் விலை தானாகவே குறைய வேண்டும்.

விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வண்டி விற்கப்பட்டுச் சில கைகள் மாறிய பிறகு நடந்த விபத்துக்கும், ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு விட்டது. பழைய வண்டி வியாபாரி போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை இணையத்தில் பதிவு செய்தால், அந்த நாளிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், என்.ஓ.சி. போன்றவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். விதி நல்லது. ஆனாலும் மேசைக்குள் வெற்றுப் படிவம் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. "நீங்கள் அங்கீகாரம் பெற்ற வியாபாரியா?" என்று கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு: வண்டி ஒப்படைக்கப்பட்ட தேதி பதிவாகியிருந்தால், அது எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பணம் முழுவதையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆர்.சி. நம் பெயரில் வரும்வரை பத்து அல்லது பதினைந்தாயிரத்தை நிறுத்தி வைப்பதைப் பல கடைகள் ஒப்புக்கொள்ளும், விலை பேசும்போதே சொல்லியிருந்தால். வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைக்கும் தொகை இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். கடன் தீர்ந்த சான்றும், ஆர்.சி.யிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கும் படிவம் 35-ம் வராமல் பெயர் மாறாது. பழைய அபராதச் சலான்கள் நிலுவையில் இருந்தால் அவற்றையும் அதே தொகையில் கழித்துக்கொள்ளலாம். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், காப்பீட்டை மாற்றப் பதினான்கு நாளுக்குள். கடைக்காரர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், எந்தத் தேதிக்குள் என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.